வெட்டாமல் அனுப்பிய செத்தவீடு

இரவு எட்டு மணியிருக்கும். புளியங்கூடல் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போகிற வீதி. இரண்டு பக்கமும் பனை. முன்னாலும் பின்னாலும் ஒரு வாகன வெளிச்சம் கிடையாது... அந்த வீதியில் மோட்டார்சைக்கிளில் தனியாகப் போனவன் றெக்ஷன். வேறு யாருமில்லை, நம்முடைய மிரோஜனின் மச்சான்தான். யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் சிரித்தே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவான். இப்போது சிரிப்பதில்லை. ஏனென்று சொல்கிறேன், கிட்ட வந்து இருங்கள்.

ஊர்காவற்றுறையில் கிளின்ரன் ஸ்ரூடியோ வைத்திருக்கிறான். கலியாணமோ செத்தவீடோ, வீடியோ எடுத்துக் கடையிலிருக்கிற சேர்வரில் போட்டுவிடுவான். வெளிநாட்டுச் சொந்தங்கள் அங்கிருந்தபடியே இறக்கிக்கொள்வார்கள். அந்தக் கிழமை யாகப்புவின் செத்தவீடு. கடலுக்குப் போய்வந்த மனுஷன். எப்போதோ திருக்கை முள்ளுக் குத்தினதில் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். கடைசியில் கடல்தான் அவரைக் கொண்டுபோனது. உடல் ஆஸ்பத்திரியிலிருந்து மூடிய பெட்டியாகவே வந்தது. சேமக்காலையில், புதைக்க முன்னம், ஒரேயொரு தரம் திறந்து முகம் காட்டினார்கள்.

ஒரே மகள் யூலியானா பாரிஸில் தனியாக இருக்கிறாள். விசா இல்லை. அப்பாவின் முகத்தை வீடியோவிலாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன கோப்போ, ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் அறுந்துவிடும். பெட்டியில் கை வைப்பார்கள்... அவ்வளவுதான். அதைச் சரிபண்ணத்தான் கிளின்ரன் அன்றிரவு றெக்ஷனைக் கடைக்குக் கூப்பிட்டிருந்தான்.

“ரெண்டு துண்டா வெட்டி அனுப்பலாமெண்டனான். அந்தப் பிள்ளை விடேல்லை. செத்தவீட்டை வெட்டுறதோ எண்டு கேட்டு அழுகுது,” என்றான் கிளின்ரன். கடைத் திறப்பை றெக்ஷனின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் படம் பிடிக்கப் போய்விட்டான்.

றெக்ஷனுக்கு அது சின்ன வேலை. இன்ரநெற் லைன் இழுபடுகிறது என்று, நாலு ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு வெளியே போகாதபடி கிளின்ரன்தான் எப்போதோ சேர்வரில் வரம்பு போட்டிருந்தான். போட்டதையும் மறந்துவிட்டான். றெக்ஷன் அந்த வரம்பை எடுத்தான். யூலியானாவுக்குப் போன் அடித்தான்.

“இப்ப இறக்கிப் பாரும், தங்கச்சி. முழுசா வரும்.”

திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. நாலைத் தாண்டியது. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தான். ஐந்து... ஆறு... ஆறு ஜிபியோடு கோப்பு முடிய வேண்டும். முடியவில்லை. ஏழு...

கோப்பு வளர்ந்துகொண்டிருந்தது.

கிளின்ரனுக்கு அடித்துக் கேட்டான். “பெட்டியை இறக்கினதோட நிப்பாட்டிப்போட்டனே,” என்றான் அவன். “கமரா இஞ்ச என்ர கையிலதான் கிடக்கு.”

றெக்ஷன் கோப்பைத் திறந்து, கடைசிப் பகுதிக்குத் தள்ளினான். ஒரே இருட்டு. மண் விழுகிற சத்தம்... பொத்... பொத்... பிறகு அதுவும் இல்லை. பிறகு, படம் மெல்ல அசைந்தது. சேமக்காலை மதில். வீதி. யாரோ நடந்து வருகிறார்கள். டொக்... சர்ர்... டொக்... சர்ர்... ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை இழுத்து.

வீதியோரம் ஒரு கடை தெரிந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே லைற் வெளிச்சத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் கதிரையில்... அந்தச் சேர்ட்டைக் கண்டதும் றெக்ஷன் குனிந்து தன்னைப் பார்த்தான். அவன் போட்டிருந்த அதே சேர்ட்.

முதுகுக்குப் பின்னால் கதவு கிரீச்சிட்டது.

அவனால் திரும்ப முடியவில்லை. அறை முழுக்கச் சாதாளை மணம், கடற்பாசி கரையில் ஒதுங்கி அழுகிக் கிடக்குமே, அதே மணம். டொக்... சர்ர்... கதிரைக்குக் கிட்ட வந்தது. ஒரு துளி தண்ணீர் அவன் தோளில் சில்லென்று விழுந்தது. டொக்... சர்ர்... அவனைக் கடந்து, சேர்வர்ப் பெட்டியடியில் போய் நின்றது. பச்சைக் கோடு சட்டென்று முடிந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் நிலத்தைப் பார்த்தான். கதவடியிலிருந்து சேர்வர்வரை ஈரம். ஒரு பாதம், ஒரு இழுவை. ஒரு பாதம், ஒரு இழுவை. திரும்பிப் போன தடமே இல்லை.

போன் அடித்தது. யூலியானா.

“வந்திட்டுது அண்ணை! அப்பான்ர முகத்தைப் பாத்திட்டன்...” என்று விம்மி அழுதாள். பிறகு, “ஒருக்கா இருங்கோ அண்ணை. ஆரோ படியேறி வருகினம்,” என்றாள்.

றெக்ஷனுக்கும் கேட்டது. போனுக்குள்ளே, தூரத்தில்... டொக்... சர்ர்...

“தங்கச்சி, கதவைத் திறக்காதையும்!” என்று கத்தினான். லைன் அறுந்துவிட்டது.

அன்றிரவு முழுக்க றெக்ஷன், மிரோஜன் வீட்டில் இருந்தபடி அவளுக்குப் போன் அடித்துக்கொண்டேயிருந்தான். அவள் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். மிரோஜன் கண்ணால் கண்டவன். விடிகிற நேரத்தில்தான் அவள் எடுத்தாள். குரலில் அழுகை இல்லை. அப்படியொரு சந்தோஷம்.

“மெல்லக் கதையுங்கோ, அண்ணை,” என்றாள். “இப்பதான் படுத்தவர். இஞ்சத்தைக் குளிருக்கு அந்தக் கால் விறைச்சுப் போச்சாம்.”