லாராபுரு வீட்டுத் தேனீக்கள்

"அப்பா உட்கார்ந்த பெஞ்சுதானே இது? நான் உட்காரக் கூடாதா அக்கா?"

"உட்காரு. பூட்ஸை மட்டும் வாசல்ல கழட்டிட்டு..."

"இத்தனை வருஷம் கழிச்சு வந்தவன்கிட்ட பூட்ஸைப் பத்தியா..."

"யார் கால்ல இருந்தாலும் சேறு சேறுதான் பென்யாட்."

எங்கள் சண்டை இப்படித்தான் தொடங்கியது, ஐயா. உங்கள் போலீஸ் பூட்ஸிலும் சேறு இருக்கிறது. பரவாயில்லை. பூண்டு சூப் ஆறுவதற்குள் குடியுங்கள், நான் சொல்கிறேன்.

நீங்கள் வடக்கே இருந்து வந்தவர். உங்கள் ஊரில் மனிதனின் பெயரை வீட்டுக்கு வைப்பார்கள். எங்கள் பாஸ்க் மலையில் வீட்டின் பெயர்தான் மனிதனுக்கு. லாராபுரு என்றால் புல்வெளி முடியும் இடம். வீடு அங்கே நிற்பதால் வீட்டுக்கு அந்தப் பெயர். வீட்டில் இருப்பதால் எனக்கு. பிள்ளைகள் எத்தனை பேர் ஆனாலும் வீடு ஒருவருக்குத்தான். மற்றவர்கள் கப்பல் ஏறிவிடுவார்கள். அர்ஜென்டினா முழுக்க எங்கள் பெயர் சிதறிக் கிடப்பது அதனால்தான்.

மூத்தவள் நான். அப்பா தம்பியைத் தேர்ந்தெடுத்தார். "நீ வேற வீட்டுப் பேரைச் சுமக்கப் போறவதானே கஷூஷா" என்றார். கூரை மாற்றப் பணம் சேர்த்து வருகிறேன் என்று தம்பி பென்யாட் அர்ஜென்டினாவுக்கு ஆடு மேய்க்கப் போனான். அவன் திரும்புவதற்குள் அப்பா இறந்துவிட்டார்.

எஜமானர் இறந்தால் முதலில் தேனீக்களிடம் சொல்ல வேண்டும். கோயிலில் அவருக்கு எரிக்கும் மெழுகை அவைதானே தரப்போகின்றன. பக்கத்து வீட்டு மைஷான் முறைப்படி உடன் நின்றாள். நான் தேனீப் பெட்டிகளைத் தட்டி, அப்பா போய்விட்டார் என்றேன். பிறகு அதே குரலில், பென்யாட்டும் போய்விட்டான், இனி நான்தான் எஜமானி என்றேன்.

"ஐயோ, அவனுமா? எப்படிடீ?" என்றாள் மைஷான்.

"கப்பல்ல காய்ச்சல்."

அப்படி ஒரு செய்தியும் வரவில்லை. வராததையே செய்தியாக வைத்துக்கொண்டேன். பின்னொரு நாள் சந்தையில், மறுபடி கப்பல் ஏறவிருந்த அடுத்த பள்ளத்தாக்கு மேய்ப்பன் ஒருவன், பென்யாட் நலமாக இருக்கிறான் என்றான். ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்து, லாராபுரு வீடு எரிந்துபோனது என்று பென்யாட்டிடம் சொல்லச் சொன்னேன். ஞாயிறு தவறாமல் தம்பியின் ஆன்மாவுக்கு மெழுகு ஏற்றினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

எரிந்த வீட்டின் கல்லையாவது பார்க்கலாம் என்றுதான் பென்யாட் வந்தானாம். மூடுபனி மாலை, வழியில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"அங்க ஒரு தெருவுக்கே நம்ம பேருதான் அக்கா. ரொட்டிக்கடைப் பலகையில, சலூன்ல..."

"அதெல்லாம் பிரிஞ்சு பறந்த கூட்டம். கூடு இங்க இருக்கு."

"அப்போ நான் யாரு?"

"நீ செத்துட்ட. தேனீக்கள்கிட்ட சொல்லியாச்சு."

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "உயிரோட வந்துட்டான்னு போய்ச் சொல்லு. பூச்சிதானே அக்கா. நாளைக்கு நானே தட்டிச் சொல்றேன், எஜமானன் வந்துட்டேன்னு."

ஐயா, மனிதர்களிடம் ஒன்றைச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தேனீக்களிடம் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் அவை போய்விடும், பின்னாலேயே வீடும் போகும். சொன்னது சொன்னதுதான். அது உண்மையாக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

காலையில், அவன் பெட்டிகள் பக்கம் போவதற்கு முன், பெயர் பிறந்த இடத்தைப் பார்க்கலாம் வா என்றேன். புல் முடிகிறது, கீழே பாறை, ஓடை. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

"இங்கேர்ந்துதானா அக்கா அத்தனை பேரும்?"

"இங்கேர்ந்துதான்."

ஆட்டைப் பட்டிக்குள் தள்ளுவது போல, இரண்டு கைகளாலும் தள்ளினேன். அவன் அவ்வளவு கனமில்லை. வீட்டுக்கு வந்து பெஞ்சடியில் காய்ந்திருந்த சேற்றைத் துடைத்தேன். தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடி ஓடைக்குப் போன மைஷான்தான் அவன் முகத்தை அடையாளம் கண்டாள். "செத்தவன் இன்னொரு தடவை எப்படிடீ செத்தான்?" என்று கேட்டாள். கேட்ட கையோடு உங்களிடம் போனாள்.

எழுந்துவிட்டீர்களா? சால்வையை எடுத்துக்கொள்கிறேன். தேனீப் பெட்டிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். கொஞ்சம் மெதுவாக நடங்கள்.

"ஐயா, ஒரே ஒரு உதவி. நீங்க என்னைப் பிடிச்சிட்டுப் போறது அதுங்களுக்குத் தெரிய வேண்டாம். எஜமானி சந்தைக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவான்னு சொல்லிடுங்க."