வால் ஆட்டுற வண்டி

அய்ய, அந்தக் கீறல எழுதாதீங்க சார். அது பழசு, வாங்குறப்பவே இருந்துச்சு. இந்தப் பக்கம் வாங்க. வலது பக்கம், பின்னாடி. இதான் நீங்க பாக்க வேண்டியது. கொஞ்சம் குனியணும். முடியுமா? சரி, மெதுவா. தெரியுதா, சக்கரத்தப் புடிச்சு நிக்கற ஆர்ம் தொங்குது பாருங்க. போல்ட்டு இருக்க வேண்டிய ஓட்டை சும்மா கெடக்குது. அந்த நட்டத் தேடி ரெண்டு நாளா ஏற்காட்டு மலை ரோட்டுல ஒவ்வொரு வளைவா, பெண்டு பெண்டா நடந்தேன். ஓரத்துல கெடந்த பாட்டில் மூடி எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. கெடைக்கல.

நானா? ஷைமா. வண்டி ஓட்டுன அஃப்தாபோட தங்கச்சி. ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். செவ்வாய்ப்பேட்டைல ஷஃபியுல்லா மளிகை மண்டி இருக்குல்ல, அது எங்க அப்பா கடைதான், நாங்க அத்தாம்போம். இல்ல சார், பெரியவங்க யாரும் வரல. ஸ்டேஷனுக்குள்ள எப்டி விட்டாங்களா? ஏட்டுக்கு எங்க அத்தா கொரல்ல நான்தான் போன் போட்டேன். க்ஹும், ஏட்டையா, நம்ம மக ஒருத்தி வருவா, ஆர்சி புக்கு பாக்கணுமாம், வெயில்ல நிக்க வைக்காதீங்க, துவா செய்யறேன். அவ்ளோதான். கேட்டத் தொறந்துட்டாரு. பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. சிரிங்க சார், தப்பில்ல. எல்லாரும் சிரிப்பாங்க. ஸ்கூல்ல ஹெச்எம் கொரல்ல மைக்குல லீவு விட்டவ சார் நான். ரெண்டு செக்‌ஷன் கெளம்பியே போயிருச்சு.

பிரேக் இன்ஸ்பெக்டர்னா பெரிய மீசையா வருவாருன்னு நெனச்சேன். பரவால்ல, நீங்க எங்க கணக்கு சார் மாதிரி இருக்கீங்க. ரிப்போர்ட்டு நீங்கதான எழுதறது? வண்டி தானா ஒடஞ்சுதா, மெக்கானிக் நட்ட முறுக்காம விட்டாரான்னு நீங்க எழுதற ஒரு வரிலதான் அந்த மெக்கானிக் பச்சமுத்து அண்ணன் மேல கேஸா இல்லையான்னு இருக்காம். ஏட்டு சொன்னாரு. அதுக்குத்தான் வந்தேன். பத்து நிமிஷம் சார். நடுவுலேருந்து சொன்னா புரியாது, நான் மொதல்லேருந்தே வரேன்.

இந்த வண்டி எங்க அண்ணன் கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட பழசா வாங்குனது. ரெண்டே சீட்டு, கூரை தொறக்கும், இழுக்கறது பின் சக்கரம். எங்க தெருவுல ஆட்டோ வந்தாலே எதிர்ல வர்ற டவுன் பஸ்ஸு பின்னால போகணும், அங்க இத நிறுத்துனா எப்டி இருக்கும்? குதிரய மாடிப்படில கட்டுன மாதிரி. ஆனா அண்ணனுக்கு உசுரு சார். சின்னதுலேருந்து நோட்டு பூரா இந்த வண்டிதான் வரஞ்சு வெக்கும்.

ஒரே வியாதி. பின்னாடி நிக்கல. நேராப் போனா ராஜா. பைபாஸ்ல ஒரு லாரிய ஒதுக்கலாம்னு திருப்புனா, மூஞ்சி ஒடனே திரும்பிரும். பின்பக்கம் இருக்குதே, அது கொஞ்ச நேரம் யோசிச்சு, ஓ நானும் வரணுமான்னு கேட்டுட்டு அப்பறம் வரும். வந்தா சும்மா வராது, ஒரு குலுக்கு குலுக்கிட்டு வரும். நான் வால் ஆட்டுற வண்டின்னு பேரு வெச்சேன். அண்ணனுக்குக் கோவம்னா கோவம்.

மொதல்ல டயர் கடை தங்கமுத்து. அவருக்கு எந்நேரமும் வாய்ல பாக்கு. தம்வீ, வண்டில ஒண்ணுங்கெடயாது தம்வீ, எல்லாங் காத்துதான். கல்லு மாதிரி ஏத்தி வெச்சிருக்கீங்கொ, எறக்கிருவோம். எறக்குனாரு. ரெண்டு நாளு நல்லா இருந்துச்சு, இல்லேன்னா நல்லா இருக்கறதா அண்ணன் நெனச்சுக்கிச்சு. அப்பறம் அலைன்மெண்ட் கடை கௌசிக். கம்ப்யூட்டர் வெச்சிருக்கான்ல, அவன் வண்டியவே பாக்க மாட்டான். ப்ரோ, ஸ்க்ரீன் பாருங்க ப்ரோ. ரியர் ரைட்டு வெளிய திரும்பி நிக்குது ப்ரோ, செவப்பு காட்டுதா, இப்ப பாருங்க, பச்சை ப்ரோ. பச்சைன்னா முடிஞ்சுது ப்ரோ. நாலாவது நாளு திரும்பப் போனா திரும்பச் செவப்பு. ரோடு சரியில்ல ப்ரோன்னுட்டான்.

எங்க அத்தா? அத்தா சோறு தின்னுக்கிட்டே தீத்து வெச்சிட்டாரு. க்ஹும், அஃப்தாபு, டிக்கில ரெண்டு மூட்ட சர்க்கரையப் போட்டு ஓட்டு, எப்டி ஆடுதுன்னு பாக்கறேன். நெசமாவே போட்டுப் பாத்துச்சு சார் எங்க அண்ணன். ஆடுச்சு. வீடு பூரா எறும்பு.

கடைசிலதான் பச்சமுத்து அண்ணன். சொந்த ஊரு எருமப்பட்டி, ஷெட்டு கொண்டப்பநாயக்கன்பட்டில, மலை ஏர்ற எடத்துலயே. அவரு வண்டியத் தொடவே இல்ல சார். பேனட்டத் தொறக்கல, டயர ஒதைக்கல. எங்கண்ணனப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ஏனுங்க தம்பி, வாலு எப்ப ஆட்டுதுங்க, மிதிக்கையிலயா, காலை எடுக்கையிலயா? அண்ணன் அத்தன பேருகிட்ட காட்டியிருக்கு, ஒருத்தரும் இதக் கேக்கல. நானும் கூட ஏறி வாரேனுங்கன்னு உக்காந்தாரு. ரெண்டு பெண்டு போய்ட்டுத் திரும்பி வந்தாங்க. மிதிச்சா ஒழுங்கா வருது, வளைவுல காலை எடுத்தாத்தான் பின்னாடி வெளிய ஓடுது. எறங்குனவரு சொன்னாரு. நிக்கையில சக்கரம் நேராத்தானுங்க நிக்குது. கம்ப்யூட்டரு என்ன பண்ணும், நிக்கறதத்தான் அதுக்குப் பாக்கத் தெரியும். ஓடையில அது பாட்டுக்கு மொகத்தத் திருப்பிக்குதுங்க.

அப்பறம் ஷெட்டுல ஆளு எறங்கி வேல பாக்கற பள்ளத்து மேல வண்டிய ஏத்தி, கம்பிய விட்டு ஒரு நெம்பு. ஆர்ம் ஒரு வெரக்கட அசையுது சார். உள்ள இருக்கற ரப்பர் புஷ்ஷு கிழிஞ்சு நாராக் கெடக்குது. அவ்வளவுதான் வியாதி. எங்கண்ணன் மொகத்த நீங்க பாத்திருக்கணும். பத்தாவது ரிசல்ட்டுக்குக் கூட அப்டிச் சிரிச்சதில்ல.

புது புஷ்ஷு வந்து சேர பதினோரு நாளு. மாட்டறது பெருசில்ல, அவரு முறுக்கறதுலதான் சார் விஷயம். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன், அவரு எப்டி வேல செய்வாருன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். சக்கரம் அந்தரத்துல தொங்கறப்ப முறுக்குனா ரப்பரு முறுக்கிக்கிட்டே நிக்கும், நாலு மாசத்துல திரும்பக் கிழியும். அதனால நட்ட கையால மட்டும் ஏத்தி வெச்சிட்டு, வண்டியத் தரைல எறக்கி, ஆள உக்கார வெச்சு, வெயிட்டு முழுசா வந்தப்பறம்தான் பள்ளத்துல எறங்கி முறுக்குவாரு. எங்க ரெண்டு பேரயும் ஏத்தி உக்கார வெச்சாரு. சாமி, சிரிக்காம உக்காருங்க, நீங்க குலுங்குனா வண்டி குலுங்குது.

முறுக்குனதும் அந்த நட்டு மேல ஒரு பொட்டு வெப்பாரு. நெயில் பாலீஷ் சார், செவப்பு. எங்க ஊட்ல அதுக்கு எடமே கெடயாது, நகத்துல இருந்தா தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவற ஒளு செல்லாதுன்னு அம்மா கையப் புடிச்சுப் பாக்கும். பொட்டும் கெடயாது. அதனாலயே எனக்கு அது ஒரு சிரிப்பு. ஏண்ணா, வண்டிக்கு எப்பக் கல்யாணம்னு கேப்பேன். அவரு சிரிக்க மாட்டாரு. பொட்டு வெச்ச நட்டுல மறுக்கா ஸ்பேனரு போட மாட்டனுங்க சாமி. போட்டா என்னைய நானே நம்பலைன்னு ஆயிருமுங்க. அப்டி ஒரு ஆளு. போர் போடற ரிக்கு வண்டி, டேங்கர் லாரி, எது வந்தாலும் அதான். இருவது வருஷத்துல பொட்டு வெச்சு ஒரு நட்டு கழண்டதில்லையாம்.

ஆமா சார், ஆக்சிடெண்ட்டும் அன்னிக்குத்தான். செவ்வாக்கெழம பகல்ல. ஷெட்டுலேருந்து எடுத்து நேரா மலைக்குத்தான் போச்சு அண்ணன். ஆட்டம் போயிருச்சான்னு பாக்கற ஆசை. மேல வரைக்கும் போய் எனக்குப் போன் பண்ணுச்சு சார். ஷைமா, வண்டி தண்டவாளத்துல போற மாதிரி இருக்குடீ. வால் ஆட்டுற வண்டின்னு இனிமே சொன்ன, ஒத வாங்குவ. எறங்கறப்ப ஏழாவது பெண்டு. மிச்சம் நீங்க எழுதியிருக்கீங்க.

அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி எதுவும் இல்ல சார். ஊசிய வெச்சுக் குத்துறாங்க, அது டாக்டரையே பாத்துக்கிட்டு இருக்கு, எப்பக் குத்துவீங்கன்னு. நேத்து பெரிய டாக்டரு அத்தாவ வெளிய கூப்ட்டுச் சொல்லிட்டாரு. அந்தக் கொரல் கூட எனக்கு வரும். நடக்கறதப் பத்தி இனி யோசிக்க வேணாம் பாய், ஒக்கார வெக்கறதப் பத்தி யோசிப்போம். அத்தா கையில டீ டம்ளரு. குடிக்கவுமில்ல, கீழ வெக்கவுமில்ல. அப்பறம்தான் கேஸ் குடுக்கணும்னு நின்னுட்டாரு. மெக்கானிக்க விடக் கூடாதுன்னு. அண்ணன் மட்டும் சொல்லுது, பச்சமுத்து அண்ணன் அப்டி விடற ஆளு இல்லத்தா.

அவரு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு சார். யாரும் கூப்டல. கட்டிலு பக்கத்துல கூட வரல, கதவுகிட்டயே நின்னு, ஏட்டு கேட்டதுக்கெல்லாம், என்ற தப்புதானுங்க, நாந்தானுங்க முறுக்குனேன், பொட்டு வெச்சதும் நாந்தானுங்க. எத்தன நட்டுன்னு ஏட்டு கேட்டாரு. நாலுங்க. நாலுலயும் பொட்டு இருந்துச்சுங்க, என்ற கண்ணால எண்ணித்தான் சாவியக் குடுத்தேன். அப்பறம் எப்டிய்யா கழண்டுச்சுன்னாரு. கையப் பாத்துக்கிட்டே நின்னாரு சார். அவரு கைய அவரே பாத்தாரு. இப்ப ஷெட்டு பூட்டிக் கெடக்குது. போட்டிருந்த வேலைய எல்லாம் வேற எடத்துக்குத் தள்ளி விட்டுட்டாராம். என்ற முறுக்கு போயிருச்சுங்கன்னு பக்கத்துக் கடைல சொன்னாராம்.

அதான் சார் உங்ககிட்ட வந்தது. அவரே ஒத்துக்கிட்டாரு, கையெழுத்தும் போட்டாச்சு, நட்டும் இல்ல, ரிப்போர்ட்டு எழுதறது சுலபம்னு நீங்க நெனைப்பீங்க. இருங்க, பேனாவ மூடாதீங்க.

மூணு நட்டுதான் சார் அவரு முறுக்குனது. மூணுக்குப் பொட்டு வெச்சப்ப ரோட்ல ஒரு லோடு லாரி நின்னுருச்சுன்னு போனு வந்துச்சு. ஸ்பேனர அப்டியே வெச்சிட்டு, அஞ்சு நிமிஷத்துல வாரேனுங்கன்னு போனாரு. அண்ணன் டீ குடிக்க எறங்கிருச்சு. நான் பள்ளத்துல எறங்குனேன். பாட்டிலு அங்கயே தொறந்து இருந்துச்சு. நாலாவதுக்குப் பொட்டு நான் வெச்சேன் சார்.

சும்மா. ஒரு வெளையாட்டு. அவரு வந்து பாத்துட்டுக் குதிப்பாருல்ல, ஆருங்க சாமி என்ற பொட்ட வெச்சதுன்னு. அந்தக் கத்து எங்கிட்ட இல்ல சார். அவரு கோவமாப் பேசி நான் கேட்டதே இல்ல. அத ஒருக்கா கேட்டுட்டா எடுத்துக்கலாம்னு மூலைல போனுல ரெக்கார்டு ஆன் பண்ணி வெச்சிட்டு நின்னேன். வந்தாரு. லைட்ட அடிச்சாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணுனாரு. ஸ்பேனர எடுத்துட்டுத் திரும்பக் கீழ வெச்சாரு சார், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அப்பறம் ஆச்சுங்க தம்பி, எடுங்கன்னுட்டாரு.

சொல்லியிருக்கலாம். அப்பச் சொல்லியிருந்தா அர நிமிஷ வேல. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னா இன்னும் சிரிப்பா இருக்கும்னு நெனச்சேன். அண்ணன் பக்கத்து சீட்டத் தட்டி வாடீன்னு கூப்ட்டுச்சு. நான் ஏறல. ஏறுனா வழிலயே சிரிச்சுக் கொட்டிருவேன்னுதான் ஏறல.

போன்ல ரெக்கார்டு ஆகியிருக்குமான்னு கேக்கறீங்களா? பாத்தேன் சார். இருட்டு, அவரு எண்ணுற சத்தம் மட்டும்தான். நான் வெச்சது அதுல இல்ல. வெறும் நாலுதான் கேக்குது. அத நீங்க கேட்டா அவருக்குத்தான் இன்னும் கெட்டது.

அத்தாகிட்டச் சொன்னேன். இதுலயுமாடீ வெளையாடுவன்னு கை ஓங்கிட்டாரு. நீங்களும் அப்டித்தான் பாக்கறீங்க, பரவால்ல. எழுதிக்குங்க, எங்க கையெழுத்துப் போடணுமோ போடறேன். ஏட்டுக்குப் போன் பண்ண மாதிரி இது இல்ல சார்.

நேத்து சாயங்காலம் பச்சமுத்து அண்ணனுக்கே போன் போட்டேன். தங்கமுத்து கொரல் இல்ல, கௌசிக் கொரல் இல்ல, க்ஹும் இல்ல. ஒண்ணுமே இல்லாம, இப்ப உங்ககிட்டப் பேசறனே இப்டியே, அண்ணா நாலாவது பொட்டு நான் வெச்சது, உங்க கையில தப்பில்லண்ணான்னு முழுசாச் சொன்னேன். அவரு முடியற வரைக்கும் கேட்டாரு. கேட்டுட்டு, ரொம்ப அசந்து போன மாதிரி, கோவமே இல்லாமக் கேக்கறாரு சார்: நல்லாத்தான் பண்றீங்க சாமி, ஆனா இது ஆரு கொரலுன்னுதான் எனக்குப் புடிபடலைங்க.