உப்பாத தூண்

பாடியில் பஸ் ஏறிய பெயிண்டரும் அவருடைய மேஸ்திரியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பெயிண்டர்தான் ஆரம்பித்தார்.

"நாம பெயிண்ட் அடிச்ச குடோன் உள்ள ஒரு இரும்பு தூண்ல லைட்டர் புடிச்சு பாத்தேன் அண்ணாத்தே. உப்பவே இல்ல."

"உனக்கு இன்னாத்துக்கு அந்த வேல?"

"தீ பட்டா அந்த பெயிண்ட்டு பூரி மாதிரி உப்பி இரும்ப காப்பாத்தும்னு நீதானே சொன்ன? ஃபயர் ஆபீசர் வந்து தீ வச்சு பாத்தப்போ வாசல் தூண்ல உப்புச்சே?"

"எல்லாம் ஒரே டப்பாதான் நைனா."

"அப்ப அண்ணிய ஏன் அந்த குடோன் வேலைலருந்து நிறுத்திட்ட?"

மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவளுக்கு முட்டி வலி."

"என் தங்கச்சி இன்னும் அங்கதான் வேலை செஞ்சிகினு கீறா."

ஆவடிக்கு டிக்கெட் எடுத்திருந்த மேஸ்திரி, அம்பத்தூரிலேயே இறங்கிப் போய்விட்டார்.