முதல் நூறு பேரில் ஒருத்தி

ஏழு ஊர் மகளிர் குழுக்களை ஒரே பந்தலின் கீழ் உட்கார வைத்துத் தலைமை ஏற்றிருக்கும் சாந்தம்மாள் அம்மையார் அவர்களே! இந்த மலையின் ஏற்றமும் இறக்கமும் அறிந்த ஊர்ப் பெரியவர் ரங்கசாமி ஐயா அவர்களே! சாமை அறுத்த கையோடு, காலில் ஒட்டிய மண்ணோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! ஒரு கண்ணை மேடை மேலும், மறு கண்ணைச் சாலையோரம் நிற்கும் அந்த விளம்பர வேன் மேலும் வைத்திருக்கும் அன்புத் தங்கைகளே! ஜமுனாமரத்தூர் பள்ளியில் உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அமுதவல்லியின் வணக்கம்.

"சிக்கனத் தீபாவளி" என்று பேசச் சொன்னார்கள். எழுதியும் வந்தேன். இதோ, நான்கு பக்கம். இதை மடித்து வைத்துவிடுகிறேன். ஏன் தெரியுமா? மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் அந்த வேனின் திரையில் என் முகத்தைப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். போளூர் ஜவுளிக்கடை ஒன்றின் விளம்பரம். பெண்கள் ஓடி வருகிறார்கள். பாட்டு முழங்குகிறது. "அலைமோதும் மக்கள் வெள்ளம்! இந்த ஆண்டும் முதல் நூறு பேருக்குப் பட்டுச்சேலை இலவசம்!" என்று எழுத்து ஓடுகிறது. அந்த வெள்ளத்தின் முன்வரிசையில், தலை கலைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடி வருகிறாளே ஒருத்தி, அவள்தான் நான். என் முகம் அதில் தெரிகிறது. என் கால் தெரியவில்லை. அந்தக் காலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

போன ஆண்டு இதே பந்தலில் எளிமையைப் பற்றி முழங்கியவள் நான். கை வலிக்கத் தட்டினீர்கள். அது முடிந்த பத்தாம் நாள், என் வீட்டுக்காரரின் தங்கை செல்லியைக் கூட்டிக்கொண்டு, விடியும் நேரத்து வண்டியில் போளூருக்கு இறங்கினேன். அவள் வரமாட்டேன் என்றாள். "அறுப்பு கெடக்குது அண்ணி, பட்டு எனக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். நான் விடவில்லை. "சும்மா குடுக்கிறத வாங்கிக்க வலிக்குதா? வாடி!" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கடை வாசலில் அப்போதே ஐந்நூறு பேர். வரிசையில்லை, கயிறில்லை, காவலுக்கு ஆளில்லை. ஆனால் கடையின் மேல்மாடியில், எங்கள் முகத்தைப் பார்த்தபடி, கேமரா மட்டும் தயாராக இருந்தது! எட்டு மணி என்றார்கள், ஒன்பது ஆனது. வெயில் ஏறியது, வேகம் ஏறியது, வெறியும் ஏறியது. பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்க்கிறேன், எனக்கு அவள் பெண்ணாகத் தெரியவில்லை. நூறில் ஒரு இடத்தைத் திருடப் பார்க்கிறவளாகத் தெரிந்தாள். அவள் கண்ணுக்கு நானும் அப்படித்தானே தெரிந்திருப்பேன்?

ஷட்டரைத் தூக்கினார்கள். முழுவதுமாகவா? இல்லை. இடுப்பளவு. ஐந்நூறு பேரும் ஓடினோம்; அந்த இடுக்கில் குனிந்து நுழைய வேண்டும். பின்னால் இருந்து ஒரு தள்ளு. எனக்கு முன்னால் போன செல்லி குப்புற விழுந்தாள். "அண்ணி!" என்றாள். வலது கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். அந்தக் கை மேல் ஒரு கால் விழுந்தது.

செல்லி, நீ மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். அது என் கால்.

பொறுங்கள் தாய்மார்களே, "தெரியாமல் பட்டிருக்கும் டீச்சர்" என்று எனக்காக வாதாடாதீர்கள். தெரியும். என் காலடியில் எலும்பு நெரிந்தது எனக்குத் தெரியும். அது யார் கை என்று தெரியும். நிற்கலாமா என்று நினைக்கக்கூட ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் நான் என்ன செய்தேன்? அதன் மேலேயே ஊன்றி, அடுத்த அடியை எடுத்து வைத்தேன்.

சேலையோடு வெளியே வந்தேன். எதிரே டீக்கடைக்காரர் வடிவேலு, அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து முகத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கை மணிக்கட்டிலிருந்து தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது என்ன தெரியுமா? "சேல கெடச்சுதா அண்ணி?"

மருத்துவர் கேட்டார், யார் மிதித்தது என்று. "கூட்டத்துல யாரோ சார்" என்றேன். யாரோ! பாடம் நடத்தும் வாய், பத்து நாளுக்கு முன் மேடையில் முழங்கிய வாய், அந்த வாய் சொன்னது, யாரோ!

இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அந்த அறுப்பு முழுக்க அவளால் அரிவாள் பிடிக்க முடியவில்லை. நான் போய் அறுத்துக் கொடுத்தேன். "டீச்சருக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று ஊர் சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டேன். தீபாவளியன்று அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்தவள், இடது கையால் முந்தானையைத் தடவி, "ஜரிக நல்லாகீது அண்ணி" என்றாள். அப்போதாவது சொன்னேனா? இல்லை.

யாரது அங்கே? கொஞ்சம் உரக்கக் கேளம்மா. "சும்மா குடுத்தா வாங்கக் கூடாதா டீச்சர்?" நல்ல கேள்வி. வாங்கலாம். ஆனால் சும்மாவா கொடுத்தார்கள்? கொடுக்க நினைத்தவன் வரிசையில் நிறுத்திக் கொடுத்திருப்பான். ஷட்டரை முழுதாகத் திறந்திருப்பான். அவனுக்கு வேண்டியிருந்தது நூறு பேரின் மகிழ்ச்சியா? ஐந்நூறு பேரின் ஓட்டம்! என் வெறியைப் படம் பிடித்தான், அவள் விழுந்ததை வெட்டி எறிந்தான், மிச்சத்துக்குப் பாட்டுப் போட்டு இன்று நம் மலைக்கே கொண்டுவந்து காட்டுகிறான். ஆனால் அவனைத் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியுமா? ஷட்டர் அவனுடையது. கால் என்னுடையது.

சற்று இருங்கள். செல்லி எழுந்திருக்கிறாள். சொல் செல்லி. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

...

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி. உங்க காலு எனக்குத் தெரியாதா? நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வருசமா பாத்துக்கினு இருந்தேன். கோவம் இன்னும் போவல. ஆனா ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேளுங்க. அந்த எடத்துல நீங்க வுழுந்து நான் நின்னிருந்தா, நானும் மிதிச்சிட்டுத்தான் போயிருப்பேன். அத நெனச்சாதான் எனக்கு பயமாகீது."

கேட்டீர்களா தாய்மார்களே? அறுப்பை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றவள் சொல்கிறாள் இதை! ஒரு மணி நேரத்தில் நம்மை அப்படி ஆக்கிவிட்டார்கள். இல்லாமையா நம்மை ஓட வைத்தது? என் பெட்டியில் அன்றைக்கே மூன்று பட்டு இருந்தது. பசியா விரட்டியது? பிறகு எது? இன்னொருத்திக்குக் கிடைத்துவிடும் என்ற ஒரே எண்ணம்! அந்த எண்ணத்தைத்தான் பண்டிகைக்குப் பண்டிகை நமக்கு விற்கிறார்கள்.

நாளை மறுநாள் காலை மறுபடி ஓடச் சொல்கிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுங்கள், பிள்ளைகளுக்கு ஆசையாக எடுங்கள், எடுக்காதே என்று சொல்ல நான் யார்? வேறொரு நாள் போவோம், நடந்து போவோம், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து எடுப்போம். அந்த ஒரு நாள், அந்த ஒரு காலை, இந்த ஏழு ஊரிலிருந்து ஒரு பெண்ணும் போகவில்லை என்று ஆகட்டும்! அந்தக் கேமராவுக்கு வெறும் தெரு தெரியட்டும்! சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

கை தூக்குகிறீர்கள். எல்லோரும் இல்லை, எனக்குத் தெரிகிறது. தூக்காதவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. போன ஆண்டு நானும் தூக்கியிருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் யோசியுங்கள், அது போதும்.

பேச நேரம் தந்த தலைவர் அம்மையாருக்கும், பாதியில் எழுந்து போகாமல் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். செல்லி, நான் இறங்கி வருகிறேன். உன் பக்கத்தில் இடம் தருவாயா?