உறுமல் இல்லாத மைக்

இந்த ஃபேன் மெதுவாகச் சுற்றுவது ஃபேனின் குற்றமில்லை, மேடம். மத்தியானத்தில் ஜமுனாமரத்தூரில் வோல்டேஜ் இவ்வளவுதான் வரும். மலை ஏறி வருவதற்குள் கரண்ட்டுக்கும் மூச்சு வாங்குது என்று என் மாமா மைக்கில் ஜோக் அடிப்பார். கரண்ட்டுக்கு மூச்சு வாங்காது. நீளமான கம்பியில் வோல்டேஜ் குறையும், அவ்வளவுதான். ஆனாலும் ஜனங்கள் சிரிப்பார்கள். தவறான விஷயத்தைச் சத்தமாகச் சொன்னால் ஜனங்களுக்குப் பிடிக்கும்.

நான் வந்தது மாமாவின் வாக்குமூலத்தைத் திருத்துவதற்கு. "ரம்யா ஷாக்கடித்துச் செத்தது என் தப்பு, கரண்ட் வேலை முழுக்க நானே பார்த்தேன்" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதாக அக்கா சொன்னாள். அவருக்கு ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்று தெரியாது. டெஸ்டரைப் பேனா மாதிரி பாக்கெட்டில் குத்திக்கொள்வார், அழகுக்காக. அவர் அந்த வேலையைச் செய்தார் என்று போலீஸ் காகிதத்தில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாமா என்றால் ரஞ்சித்குமார், என் அக்கா தேவயானியின் கணவர். 'தேவயானி சவுண்ட்ஸ்' அவருடையது. மைக், ஸ்பீக்கர், பெரிய எல்.இ.டி. திரை, எல்லாம் வாடகைக்குப் போகும். மலையிலும் அடிவாரத்திலும் கல்யாணமோ திருவிழாவோ என்றால் எங்கள் வண்டிதான். நான் திருப்பத்தூரில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். மூன்று இன்டர்வியூவுக்குப் போனேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரியும். வாயைத் திறக்க முடியவில்லை. அதன் பிறகு மாமாவின் வண்டியில் ஏறிக்கொண்டேன். மெயின் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

என் வேலை என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் வோல்டேஜ் திடீரென்று விழும், திடீரென்று எகிறும். அதை அப்படியே மிக்சருக்கும் திரைக்கும் கொடுத்தால் வெந்துவிடும். ஸ்டெபிலைசர் வழியாகச் சமப்படுத்தி, ஒரே பெட்டியிலிருந்து எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒரு எர்த். ஈர மண் பார்த்து ஆழமாக ஒரு கம்பி அடிப்பது. எங்காவது கரண்ட் கசிந்தால் அது மனிதர் உடம்பு வழியாகப் போகாமல் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும். அதற்கும் மேலே ஒரு டிரிப் சுவிட்ச். கசிவு துளி இருந்தாலும் லைனைத் துண்டித்துவிடும். பெட்டியை நானே கட்டினேன். நன்றாகக் கட்டினேன்.

மாமாவுக்கு இதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலை. "எர்த்து கிர்த்துலாம் டவுன்காரனுக்கு. நம்ம மலையே எர்த்துதான்" என்பார். வண்டியில் எல்லோரும் சிரிப்பார்கள். என்னை "ஈ.பி. ஆபீசர்" என்பார். அவசரம் என்றால் "யேய்" என்பார். சில நாள் வெறும் "கரண்ட்டு".

அவருக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று உறுமல் வந்தால் கட்டிங் பிளேயரை எடுப்பார். பிளக்கில் மேலே தடியாக நிற்கும் பின் இருக்கிறதே, எர்த் பின், அதை முறுக்கி உடைத்துவிடுவார். "இப்ப பாரு, உறுமல் போச்சா?" என்பார். சில நேரம் போகும். பல நேரம் போகாது. திரைக்காரன் கோயில் அறையிலிருந்து தனியாக ஒயர் இழுத்திருப்பான். இரண்டு இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் உறுமத்தான் செய்யும். அவர்கள் சாப்பிடப் போனதும் நான் அந்த ஒயரைப் பிடுங்கி என் பெட்டியில் செருகுவேன். மாமா உடைத்த பிளக்கையெல்லாம் கழற்றி, என் பையிலிருந்து புதுப் பிளக் மாட்டுவேன். ஏப்பம் விட்டுக்கொண்டு வருவார்கள். உறுமல் இருக்காது. "பார்த்தியா? ஒரு பிளேயர் போதும்யா" என்று மாமா எல்லோரிடமும் காட்டுவார்.

என்னால் அவர்கள் உயிரோடு இருந்தார்கள். உயிரோடு இருந்ததால் எர்த் தேவையில்லை என்று நினைத்தார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை.

கலசப்பாக்கத்துக் கல்யாணம் பற்றி அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். சிறிய விஷயம். தாலி கட்டும் நேரத்தில் டிரிப் சுவிட்ச் விழுந்து மண்டபமே இருட்டாகிவிட்டது. மேடை அலங்காரம் செய்த சடையன் நனைந்த கையோடு லைட் கம்பத்தைப் பிடித்திருந்தான். "சுர்ருன்னு இழுத்துச்சுக்கா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரிக்க முடிந்ததற்குக் காரணம் என் சுவிட்ச். லைன் வந்ததும் மாமா மைக்கை எடுத்தார். "மன்னிக்கணுங்க. எங்க வூட்டுப் பொண்ணு ஒண்ணு இருக்குது, பி.எஸ்சி. படிச்சிருக்குது. சும்மா இருக்க மாட்டாம எத்தையோ நோண்டிடுச்சு" என்றார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். சடையனும் சிரித்தான். ஸ்பீக்கரில் துளி உறுமல் இல்லை, மேடம். ஒவ்வொரு சிரிப்பும் தெளிவாகக் கேட்டது.

அன்று வண்டியில் வரும்போது ஒரு முடிவு எடுத்தேன். இனி சொன்ன பேச்சைக் கேட்பது. அவ்வளவுதான் என் முடிவு. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்தது மலைமேல் அம்மன் கோயில் திருவிழா. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. கோயில் இடம் என்பதால் எல்லோரும் வெறுங்காலில் நின்றார்கள். சேற்றில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று வேறு பேசிக்கொண்டார்கள். நான் எர்த் கம்பியும் சுத்தியலுமாகப் போனேன். ஊர்ப் பெரியவர் துரைக்கண்ணு ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? சாமி எடத்துல இரும்பு அடிக்கலாமா? போன வருசமும் சொன்னனே."

போன வருடமும் சொன்னார்தான். போன வருடம் நான் வேலிக்கு அந்தப் பக்கம் சாமைக் கொல்லை ஓரமாகப் போய், அவருக்குத் தெரியாமல் அடித்துவிட்டு, நீள ஒயர் இழுத்து வந்தேன். இந்த வருடம், "சரிங்க" என்றேன். கம்பியை வண்டியில் போட்டேன். "படிச்ச புள்ள, சொன்னா கேட்டுக்குது பாரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் மெச்சினார். அந்த ஊரில் என்னை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

பிறகு மாமா வந்தார். "யேய், அந்த டிரிப்பு சுவிட்ச நேரா போட்டு வுட்டுடு. கலசப்பாக்கத்துல ஆன மாதிரி இங்க ஆச்சு, பெரியவரு என்னை மலைய வுட்டே தொரத்திடுவாரு."

நேராகப் போட்டேன். சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராக இணைப்பது; இனி கரண்ட் கசிந்தாலும் லைன் துண்டிக்காது.

அப்புறம் ரம்யா. ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவள், திருப்பத்தூர்ப் பக்கம். சுருதி பற்றி அவளுக்கு அதிகக் கவலை கிடையாது. உறுமல் பற்றி மட்டும் காது கூர்மை. மைக்கைத் தட்டிவிட்டு, "சங்கரி, இன்னாடி இது, எனக்குப் பின்னாடி ஒருத்தன் குறட்டை வுடுறான்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமா கட்டிங் பிளேயரை எடுத்தார். கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், மிக்சர் என்று வரிசையாகப் பின்களை உடைத்தார். சாப்பிடப் போனார்கள். நான் திரைக்காரனின் ஒயரைப் பிடுங்கி என் பெட்டியில் செருகினேன். உறுமல் நின்றது. பிளக்குகளை மாற்றவில்லை. பையில் புதுப் பிளக்குகள் இருந்தன.

வந்து பார்த்த மாமா, "ஒரு பிளேயர் போதும்யா" என்றார்.

ஆக, பெரியவர் சொன்னார், கேட்டேன். மாமா சொன்னார், கேட்டேன். ரம்யா உறுமல் வேண்டாம் என்றாள், எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் எதையும் நோண்டவில்லை. இருபத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒரு நாள் முழுக்க அடக்கமாக இருந்தேன்.

நீங்கள் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அதில்தான் கசிவு. உள்ளே ஒயரை எலி கடித்திருந்தது. மழை நாளில் அதன் பெட்டியைத் தொட்டாலே டெஸ்டர் எரியும். ரிப்பேருக்கு என்று மூலையில் ஒதுக்கி வைத்தவள் நான். அதை வண்டியில் ஏற்றியதும், ஒயர் மைக்கை அதில் செருகியதும் நான். இல்லை, மாமா கேட்கவில்லை. கூட்டம் அதிகமாக வரும், இன்னொன்று கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ரப்பர் பாய் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மைக் ஸ்டாண்டுக்குக் கீழே எப்போதும் நான்தான் விரிப்பேன், உண்மைதான். அன்று அது என் காலடியில் இருந்தது. வேலி ஓரத்தில் மெயின் பெட்டி வைத்த இடம் சேறாக இருந்தது. அதனால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஒயர்லெஸ் மைக் கொடுத்தது ஏன் என்றால், அவள் நடந்துகொண்டே அறிவிப்பு சொல்வாள். ஒயர்லெஸ் மைக்கிலிருந்து ஷாக் வர வழி கிடையாது. அவள் என் அக்கா, மேடம்.

நான் ஒன்றும் கொலை செய்ய நினைக்கவில்லை. ஒயர் மைக்கை முதலில் பிடித்து "ஹலோ, செக், செக்" என்று கத்துவது எப்போதும் மாமாதான். வேறு யாரையும் தொடவிட மாட்டார். அவருக்கு ஒரு உதறல் உதற வேண்டும். எர்த் என்றால் என்னவென்று அவர் உடம்புக்குத் தெரிய வேண்டும். உடனே நான் மெயின் ஹேண்டிலை இறக்கிவிடுவேன். அந்த மைக்கிலேயே, அத்தனை பேர் முன்னால், "எங்க சிவசங்கரி சொன்னது சரிதாங்க" என்று அவர் சொல்ல வேண்டும். கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, தெரியும். அன்று மிக நியாயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் செய்து காட்டும் சோதனை மாதிரிதான்.

ஹேண்டிலில் கை வைத்துக் காத்திருந்தேன். மாமா பெரியவரோடு டீ குடித்துக்கொண்டு நின்றார். ரம்யா மைக்கை நோக்கி நடந்து வந்தாள். பாவாடையைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். "உறுமல் போச்சா பார்க்கிறேன்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அப்போது நான் கத்தியிருக்கலாம் என்கிறீர்கள். எனக்குக் கத்த வராது. ஹேண்டிலை இறக்க வாய் தேவையில்லை என்கிறீர்கள். அதுவும் சரிதான். இறக்கினால் திரை அணைந்துபோகும், பாட்டு நின்றுபோகும். மாமா மைக்கை எடுத்து, எங்க வூட்டுப் பொண்ணு மறுபடியும் நோண்டிடுச்சு என்பார். அதை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

அவள் மைக்கைப் பிடித்தாள். கை மூடிக்கொண்டது. ஷாக் அடிக்கும்போது விரல்கள் தானாக மூடிக்கொள்ளும், விடாது. படித்திருக்கிறேன். சத்தமே வரவில்லை. ஆடுகிறாள் என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள்.

மாமாவுக்குத்தான் முதலில் புரிந்தது. டீ கிளாஸைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "யேய்" என்றார். நான் அவரைப் பார்த்தேன். "யேய், கரண்ட்டு, கரண்ட்டு" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்தார். "ஏ பொண்ணே, ஆஃப் பண்ணு" என்றார். எனக்குப் பெயர் இருக்கிறது, மேடம். பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் இருக்கிறது. அந்தக் குழுவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் ரம்யா ஒருத்திதான். அவளால் அப்போது பேச முடியவில்லை.

வண்டி மலைச்சாலையில் இறங்கும்போதே அவள் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாமா உங்களிடம் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது என்னைக் காப்பாற்றத்தான் என்று அக்கா அழுகிறாள். இருக்கலாம். அவர் நல்லவர்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் பெட்டி கட்டியது நான், உறுமலை எடுத்தது நான், ஆம்ப்ளிஃபயரை ஏற்றியது நான், ஹேண்டில் இருந்தது என் கையில். இதில் எதையும் அவர் பெயரில் எழுதாதீர்கள்.

கடைசியில் அவர் கூப்பிட்டார். முழங்கால் வரை சேறு, குரல் உடைந்து, அத்தனை பேர் முன்னால், "சிவசங்கரி" என்றார்.

கூப்பிட்டதும் இறக்கிவிட்டேன், மேடம். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.