சூடு மேலதான் போகும்

– டெக்னிகலா பார்த்தா, கேரல், சூடு மேலதான் போகும். கீழ இறங்கவே இறங்காது. உன் பாத்ரூமுக்குச் சுடுதண்ணி வரலைன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? அது சயின்ஸ்.

– கரெக்டுண்ணா. சோலார் மொட்டைமாடில இருக்கு. நீங்க முதல் மாடில இருக்கீங்க. நான் கீழ இருக்கேன். சயின்ஸ் எப்பவும் உங்க பக்கம்தான்.

– கிண்டல் பண்ணாத. இந்த டிசம்பர்ல, ஹாஸ்பிடல்ல நைட் ட்யூட்டி பார்த்துட்டு வந்து பச்சத்தண்ணில குளிக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? கீழ் போர்ஷனை எனக்குக் குடுத்துடு. ஆனேக்கல்ல ஜம்முனு ஒரு ஃப்ளாட் பார்த்து வச்சிருக்கேன். கெய்சர் அவங்களே மாட்டித் தர்றாங்க.

– ஆனேக்கல்ல இருந்து பஸ் ஏறினா, நான் வார்டுக்குப் போறதுக்குள்ள பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பான்.

– கெய்சர் இருக்கும்மா!

– அதை இங்கயே மாட்டிக்கறேன்னுதானே கேட்டேன். மீட்டர் உங்க பேர்ல இருக்கு, லோடு தாங்காதுன்னீங்க.

– தாங்காது. ஃபேக்டரில அத்தனை வருஷம் குப்பை கொட்டினவன், எனக்குத் தெரியாதா?

– என்னங்க, நீங்க ஸ்டோர்ஸ்லதானே இருந்தீங்க.

– பிரிஜெட், அண்ணன் தங்கச்சி பேசறப்ப நீ நடுவுல வராத. ஸ்டோர்ஸும் டெக்னிகல்தான்.

– அண்ணா, அப்பா இந்த வீட்டைப் பிரிச்சப்ப கீழ எனக்கு, மேல உங்களுக்கு, மொட்டைமாடி ரெண்டு பேருக்கும் பொதுன்னார். ஆஸ்டின் டவுனை விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல.

– போன்னு நான் சொல்லல. சுடுதண்ணி சொல்லுது. ஆஞ்சலா மேடம்னு ஒருத்தங்க, நாலு பி.ஜி. ஹாஸ்டல் நடத்தறாங்க. கீழ் போர்ஷனை ரூம் ரூமா தடுத்து சாஃப்ட்வேர் பசங்களுக்கு விடலாம்னு கேக்கறாங்க. நல்ல சான்ஸ். அதுவரைக்கும் பச்சத்தண்ணில குளி. ரத்த ஓட்டத்துக்கு ரொம்ப நல்லது.

– நர்ஸ்கிட்ட சொல்றீங்க. எழுதி வச்சுக்கறேன்.

– என்னங்க, சண்டையை நிறுத்திட்டு இங்க வாங்க. வாஷ் பேசின்ல மறுபடி டிகாஷன் வருது.

– கொஞ்ச நேரம் திறந்து விடு, தெளிஞ்சுடும்.

– காலைல இருந்து திறந்துதான் விட்டிருக்கேன். பாலும் சக்கரையும் போட்டா குடிச்சுடலாம்.

– அண்ணி, உள்ள இருக்கறது அப்பா போட்ட இரும்பு பைப். துரு பிடிச்சு பாதி அடைச்சிருக்கும். மனுஷனா இருந்தா எப்பவோ ஐ.சி.யூ.ல சேர்த்திருப்போம். வீடு முழுக்க மாத்திடலாம்ணா. நானே போய் பார்த்து வாங்கறேன்.

– நீயா? எதை வாங்குவ?

– பெக்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் பைப். சுருள் சுருளா வருது.

– பிளாஸ்டிக்கா! பிரிஜெட், கேட்டியா? செடிக்குத் தண்ணி ஊத்தற ஹோஸ்ல சோலார் தண்ணி கொண்டு வரப் போறாளாம்! உருகி ஓடும்மா!

– உருகாதுண்ணா. சுடுதண்ணிக்குன்னே பண்ணினது. ஜே.சி. ரோட்ல ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிட்டேன். இரும்பு போட்டா மறுபடி துரு. வெறைப்பா வர்ற சி.பி.வி.சி. போட்டா திரும்பற இடத்துல எல்லாம் ஒரு எல்போ, ஒரு ஒட்டு. நம்ம வீட்ல எத்தனை திருப்பம்! ஒட்டு இருக்கற இடமெல்லாம் நாளைக்கு ஒழுகற இடம். இது வளைஞ்சு வளைஞ்சு போகும். சுவத்துக்குள்ள ஒட்டே கிடையாது.

– வெயில்ல கிடந்தா பிளாஸ்டிக் நொறுங்கிடும். அது தெரியுமா உனக்கு?

– கரெக்டுண்ணா. அதனால வெளிய வர்ற இடத்துக்கெல்லாம் கறுப்பு உறை. அப்புறம் சோலார் டேங்க்ல இருந்து வர்ற முதல் ரெண்டடி மட்டும் இரும்பு. அங்க சூடு ஓவர்.

– அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

– கடைசியா ஒரு டப்பா. டேங்க்ல இருந்து ஒரே பைப் அந்த டப்பாவுக்கு வரும். அங்க இருந்து ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி லைன். வார்டுல ட்ரிப்ஸ் மாதிரி. ஆளுக்கு ஒரு ட்யூப், ஆளுக்கு ஒரு திருகு. அதை உங்க ஹால்ல வச்சுடலாம்ணா. நீங்கதானே மூத்தவர்.

– ஐயோ சேசுவே! என் ஹால்லயா? திருஇருதயப் படம் மாட்டின சுவர்ல, பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு டப்பாவா? இப்பதான் பெயின்ட் அடிச்சோம். அது இந்தப் படி ஏறி வந்துச்சுன்னா நான் இறங்கி எங்க அம்மா வீட்டுக்கு, ஒக்கலிபுரத்துக்குப் போயிடுவேன்.

– அண்ணி, அவர் மூத்தவர்...

– மூத்தவர்னா? குப்பைத் தொட்டியை ஷோகேஸ்லயா வைப்பாங்க?

– பிரிஜெட் சொல்றது சரி. அசிங்கமானதெல்லாம் கீழதான் இருக்கணும். உன் வீட்ல படிக்கட்டுக்கு அடில ஒரு பொந்து இருக்கே, அங்க வை. இது என் கண்டிஷன்.

– அண்ணா, நான் சொல்றதைக் கேளுங்க, கீழ வச்சா...

– கேக்க மாட்டேன். கீழ. முடிஞ்சுது.

– சரிண்ணா. நீங்க சொன்னா சரி.

* * *

– யாருடி அது, மொட்டைமாடி முழுக்க மலைப்பாம்பைக் காயப் போட்டிருக்கறது?

– நான்தாங்க. சுருள் வெறைப்பா இருக்காம். கொஞ்ச நேரம் வெயில் காட்டினா நெகிழ்ந்து குடுக்கும்னு கேரல் சொன்னா. வடகத்துக்குப் பதிலா இது.

– நீயும் அவகூடச் சேர்ந்துட்டியா? பிளம்பர் ரகு எங்க?

– கீழ இருக்காருண்ணா. நான் மேல இருந்து பைப்பை விட்டுக் குடுக்கறேன், அவர் இழுக்கறார். பாருங்க, ஒரு எல்போ இல்லாம அந்த மூலைல எப்படித் திரும்புது!

– வளைக்கறேன்னு மடிச்சுடாத. மடிஞ்சா அந்த இடம் போச்சு.

– அண்ணா, நீங்க அவ்வளவு படிச்சீங்களா?

– யூட்யூப். டெக்னிகல் ஆளுக்கு ஒரு வீடியோ போதும். இன்னும் கொஞ்சம் தொய்வா விடு. சூட்ல நீளும், குளிர்ல சுருங்கும்.

– கரெக்டு. இது நிஜமாவே கரெக்டு. அண்ணா, மொட்டைமாடியைத் திறந்து விட்டதுக்கு தேங்க்ஸ். நான் இங்க ஏறியே எவ்வளவு நாளாச்சு! அப்புறம் ஒரு டவுட்டு. என் வீட்டுக்கு இறங்கற பழைய லைன்ல ஒரு கேட் வால்வு இருக்கே, அது ஏன் மூடியிருக்கு?

– அது... துரு. துரு பிடிச்சு தானா மூடிக்கிச்சு.

– துரு பிடிச்ச வால்வுக்கா இவ்வளவு கிரீஸ் தடவி வச்சிருக்கு? ஒரு விரல்ல சுத்துதே.

– கிரீஸ்... மழைக்காகப் போட்டது. எதுக்கு இப்ப அந்த ஆராய்ச்சி? கழட்டிப் போடு.

– கழட்டிட்டேன். இந்தாங்க, நீங்களே ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க.

– என்னங்க, அதை ஷோகேஸ்ல வைக்கவா?

– வாயை மூடு பிரிஜெட்.

– அண்ணி, கீழ இருந்து ரகு குரல் குடுக்கறார். பைப்பைக் கவ்விப் பிடிக்கற ரிங்கெல்லாம் அழுத்தியாச்சாம். தண்ணி விடலாமாம். விடறேன். அண்ணா, உங்க பாத்ரூம்ல திறங்க!

– ஏ... ஏ! பிரிஜெட்! டிகாஷன் இல்ல! பளிங்கு மாதிரி வருது! ஃபோர்ஸைப் பாரு, கையைத் தள்ளுது! சூடு... அப்பாடா, என்ன சூடு!

– கீழ என் குழாய்லயும் வருதாம்ணா. எங்கயும் ஒரு சொட்டு ஒழுகல.

– ஒழுகுமா? யாரோட பிளானிங்! பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான், நான்தான் பெக்ஸ் போடச் சொன்னேன்னு சொல்லிட்டேன்.

– சொல்லுங்கண்ணா, பரவால்ல. டப்பாவுக்கு ரகு ஒரு பூட்டு போட்டிருக்கார். எலி போகாம இருக்க. ரெண்டு சாவி. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்.

– எனக்கு முட்டி வலி. அந்தப் பொந்துல எல்லாம் குனிய முடியாது. பிரிஜெட்கிட்ட குடு. அவ குனிவா.

– ஆமாங்க. குனியறதுக்குத்தானே நான் இருக்கேன்.

– பார்த்தியா, கொஞ்சமாவது சலிச்சுக்கறாளா? நான் குளிச்சு முடிச்சப்புறம் வெதுவெதுன்னு வர்றதுலதான் குளிப்பா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. கேரல், நீயும் ஆசை தீரக் குளிச்சுக்கோ. சனிக்கிழமை பத்து மணிக்கு ஆஞ்சலா மேடம் வர்றாங்க.

– எதுக்கு? அதான் சுடுதண்ணி வந்துடுச்சே.

– வந்துடுச்சுல்ல, பி.ஜி.க்கு இன்னும் நல்லது! உனக்காக நான் வாக்கு குடுத்தாச்சு. மாட்டேன்னு அடம் பிடிச்சேன்னா, மொட்டைமாடிச் சாவி என்கிட்டதான் இருக்கு. டேங்க்ல கையை வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

– டேங்க்ல கை வச்சா உங்களுக்கும் வராதேண்ணா.

– அதுக்கும் ஒரு வழி பண்ணுவேன். டெக்னிகல் ஆளு நான்.

* * *

– கேரல்! ஏய் கேரல்! சுடுதண்ணி நின்னு போச்சு!

– குட் மார்னிங்ணா. எப்ப நின்னுச்சு?

– இப்பதான்! தலைல இருந்து கால் வரைக்கும் சோப்பு! கண்ணைத் திறக்க முடியல!

– கண்ணைத் திறக்காம எனக்கு எப்படி போன் பண்ணீங்க?

– "கேரலைக் கூப்பிடு"ன்னு போன்ல கத்தினேன், அது கூப்பிட்டுடுச்சு! விளையாடாத! படிக்கட்டுக்கு அடில என் திருகை மூடிட்டு நிக்கறதானே நீ?

– பச்சத்தண்ணி வருதா?

– வருது, ஐஸ் மாதிரி!

– அதுல கழுவிக்கோங்க. ரத்த ஓட்டத்துக்கு ரொம்ப நல்லதாம். எழுதி வச்சிருக்கேன்.

– எனக்குச் சளி பிடிச்சா இறங்க ஒரு மாசம் ஆகும்மா! இன்னும் அரை மணி நேரத்துல ஆஞ்சலா மேடம் வந்துடுவாங்க! நான் சோப்போடவா கதவு திறப்பேன்?

– டெக்னிகலா பார்த்தா சூடு மேலதான் போகணும். ஏன் போகலைன்னுதான் நானும் யோசிக்கறேன். வால்வு துரு பிடிச்சு தானா மூடிக்கிச்சோ?

– சரி! மூடினேன்! நான்தான் மூடினேன்! போதுமா?

– எதைண்ணா?

– மொட்டைமாடி வால்வை! கிரீஸ் போட்டு, சுத்தி, மூடி வச்சேன்! குளிர் தாங்காம நீயா கிளம்பிடுவேன்னு நினைச்சேன்.

– எத்தனை டிசம்பர்ணா போயிருக்கும்?

– எனக்கு நடுங்குது கேரல்.

– எனக்கும் நடுங்குச்சு.

– ...சரிம்மா. தப்புதான். என்ன வேணும், சொல்லு.

– மொட்டைமாடிக்கு இன்னொரு சாவி. அப்புறம் ஆஞ்சலா மேடத்துக்கு இப்பவே சொல்லணும், வீடு குடுக்கறதா இல்லன்னு.

– சோப்போட எப்படிச் சொல்றது?

– எனக்கு எப்படிக் கத்தினீங்களோ, அப்படியே.

– சொல்றேன், சொல்றேன்! சாவியும் தர்றேன்! கீழ் வீடு உன்னுது, கடைசி வரைக்கும் உன்னுது. அப்பா மேல சத்தியம். இப்பவாவது திறந்து விடும்மா!

– திறக்க முடியாதுண்ணா.

– அடிப்பாவி, ஏன்?

– நான் வீட்ல இல்ல. இந்த வாரம் எனக்கு மார்னிங் ஷிஃப்ட். வார்டுல நின்னு பேசிட்டிருக்கேன்.

– என்னது! அப்ப மூடினது யாரு? ரகுவா? பிரிஜெட்! பிரிஜெட்! எங்க போனா இவ? கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், பதிலே இல்ல!

– கத்தாதீங்கண்ணா. லைன்லயே இருங்க, கான்ஃபரன்ஸ் போடறேன். அண்ணி, அண்ணா எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டார். திறந்துடலாம்.

– திறக்கறேன் கேரல், ஆனா இப்ப இல்ல. கல்யாணமான நாள்ல இருந்து அவர் மிச்சம் வச்ச தண்ணிலதான் குளிச்சிருக்கேன், இன்னைக்கு உன் பாத்ரூம்ல முதல்ல நான் குளிச்சுட்டு, அப்புறமா அவருக்கு வெதுவெதுன்னு அனுப்பி வைக்கறேன்.