நிலாவெளியிலிருந்து திரும்பிய வேன்

— அப்போ கருப்பாயி அக்கா கடல்லேருந்து எழும்பவே இல்லியா, கலா?

— எங்க எந்திரிச்சாங்க, றம்ஸியாக்கா! எங்க நாத்தனார ஒங்களுக்குத் தெரியும்தானே. சீலையோட தண்ணியில சப்பணம் போட்டு உக்காந்துட்டாங்க. ஒரு கை அள்ளி வாயில விட்டுப் பாத்துட்டு, "உப்புன்னாங்க, இம்புட்டு உப்புன்னு ஒருத்தரும் சொல்லலையே"ன்னு சண்டைக்கு வாறாங்க. வருசம் பூரா ரப்பர் மரத்துக்கிட்ட நிக்கிற மனுசி. நிலாவெளிய விட்டு வரமாட்டேன்னு ஒரே அடம்.

— மாஷா அல்லாஹ்! கேக்கவே ஆசயா ஈக்கிது.

— பாருங்களேன், நம்ம யட்டியாந்தோட்டையில பாதிப் பேர எங்க வீட்டுக்காரருதான் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயி கடல் காட்டுனாரு. வீட்டு ஆளுங்க நாங்க அந்த வேன்ல கடலுக்குப் போனது இதான் மொத தடவ.

— எங்களையும் காலிக் கடலுக்கு அவருதானே கூட்டிப் போன. நாகலிங்கம் அண்ணன் ஓட்டினா வளைவுலயும் புள்ளயள் தூக்கம் கலையா. அதுக்குத்தான் இப்ப வந்த. டிசம்பர் லீவுக்கு நாங்களும் நிலாவெளிக்குப் போகப் போற. நான், எங்கட மதினி, மகள்மார் ஆதிலா, நுஸ்கா. எல்லாம் பொம்புளயள். எங்கட ஊட்டுக்காரருக்குக் கடய உட்டுட்டு வர ஏலா. "நாகலிங்கம் கூட்டிப் போனா போங்க, இல்லாட்டி ஊட்டுலயே ஈங்க" என்டு செல்லிட்டாரு.

— அதுதான்க்கா... இவரு இப்ப ஓட்டுறதில்ல.

— மெய்யா? ஏன்?

— திரும்பி வர்ற வழியிலதான். கந்தளாய் தாண்டி, காட்டு ரோட்டுல. நல்லாப் பேசிக்கிட்டு வந்தவரு சட்டுன்னு வேன ஓரங்கட்டிட்டாரு. வேர்வையில சட்ட தொப்பலா நனஞ்சு போச்சு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அப்படியே ஸ்டேரிங்குல சாஞ்சுட்டாரு.

— அல்லாவே! நெஞ்சு வருத்தமா?

— ஆமாக்கா. இன்னுங் கொஞ்சம் சொணங்கியிருந்தா ஆள் இல்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இப்ப தேவல. ஆனா தூரப் பயணம் ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க.

— அந்தக் காட்டுலேருந்து யாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன?

— அது... ஒரு லொறி டிரைவரு. எறங்கி வந்து அவருதான் வேன ஓட்டிக் குடுத்தாரு.

— தன்ட லொறிய நடுக்காட்டுல போட்டுட்டா? அப்புடியும் மனுசர் ஈக்கிறாங்க பாருங்க! அவருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுசக் குடுக்கோணும். எந்த ஊராம்? பேர் கேட்டீங்களா?

— அந்த நேரத்துல யாருக்கா பேரு கேட்டா! டீ ஆறுது, குடிங்க.

— எந்த லொறி டிரைவரு, கலா?

— என்னங்க, நீங்க ஏன் எந்திரிச்சு வந்தீங்க? போயி படுங்க.

— படுத்துக்கிட்டுத்தான் எல்லாத்தையும் கேட்டேன். றம்ஸியா தங்கச்சி, நான் சொல்றேன் கேளுங்க. லொறி டிரைவர் ஒருத்தரு வந்தாரு, இல்லங்கல. ஆனா அவரு வேன்ல கை வைக்கல. ஓட்டுனது இவ.

— கலாவா! நீங்க பள்ளிக்கூடப் புள்ளயள ஏத்திக்கிட்டு த்ரீவீல் தானே ஓட்டுற?

— லைசன் எடுக்கையில வேனுக்கும் சேத்துத்தான்க்கா டெஸ்ட் குடுத்தேன். இவருதான் ஒரு நாளும் சாவியத் தந்ததில்ல.

— தரலதான். அன்னைக்குக் கேக்கவுமில்ல அவ. கருப்பாயியும் இவளுமா என்னையத் தூக்கிப் பக்கத்து சீட்டுல போட்டாங்க, ஏறி உக்காந்துட்டா. பின்னால கருப்பாயி முருகா முருகான்னு கத்துறா. கொஞ்ச தூரம் போனா, ரோட்டுக்குக் குறுக்க காட்டு ஆன.

— ஆனயா!

— ஒத்த ஆன. எனக்குக் கண்ணு சொருகுது, ஆனா பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். நானா இருந்தா ஹோர்ன் அடிச்சிருப்பேன். இவ அடிக்கல. முன்னுக்கு நின்ன லொறியிலேருந்து டிரைவரு எறங்கி வந்து, "நங்கி, பய வெண்ட எப்பா"ன்னாரு. பயப்படாத தங்கச்சின்னு. இவ என்ன சொன்னா தெரியுமா? சிங்களத்துலயே சொன்னா, "பயப்பட எனக்கு நேரமில்ல அண்ணே. எம் மனுசன் சாகக் கெடக்குறாரு, லொறிய ஒதுக்குங்க"ன்னு.

— யா அல்லாஹ்! பொறகு?

— அவரு ஒதுக்குனாரு. ஆன காத ஆட்டிக்கிட்டு ஓரத்துக்கு நகந்துச்சு. நகந்த எடத்துல வேன விட்டா பாருங்க, ஒரு குலுக்கல் இல்ல. தங்கச்சி, நான் எம்புட்டோ காலமா ஓட்டுறவன். எனக்கு அப்படி வராது.

— போதுங்க, மூச்சு வாங்குது ஒங்களுக்கு.

— கலா, இவ்வளத்தையும் ஏன் மறைச்சீங்க? நானா இருந்தா பஸார் முழுக்கச் செல்லித் திரிவேனே!

— டிரைவர்னா இவரு பேரத்தான்க்கா ஊர்ல சொல்லுவாங்க. பொஞ்சாதி ஓட்டிக் கொண்டாந்தான்னு நாலு பேரு சிரிச்சா, இவரு மனசு என்னாகும்? ஏற்கெனவே பேச்சே கொறஞ்சு போச்சு. வேன வித்துருவோமான்னு வரக்காப்பொலயில ஒருத்தருக்கிட்ட வேற கேட்டுருக்காரு.

— சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நான் பேசாம கெடந்தது அதுக்கில்ல, கலா. அந்த ரோட்ட நெனச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். கண்ண மூடுனா நீ ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்ததுதான் தெரியுது.

— என்னங்க, றம்ஸியாக்கா இருக்காங்க...

— ஈந்தா என்ன? செல்லட்டும் அவரு! ஆனா அண்ணன், என்ட ட்ரிப் என்னாகுற? ஊட்டுக்காரருக்கு நான் என்னத்தச் செல்ற? புள்ளயள் உடுப்பெல்லாம் எடுத்து வச்சிட்டாங்க.

— போன இங்க குடுங்க, ஒங்க வீட்டுக்காரருக்கிட்ட நான் பேசுறேன்.

— வேணாங்க! மொதலாளி ஒத்துக்க மாட்டாரு.

— ஹலோ, சாலி மொதலாளியா? நாகலிங்கம் பேசுறேன். ஒடம்பு தேவலைங்க. ஆமாங்க, நிலாவெளி ட்ரிப் விசயந்தான், வேன் வரும், நானும் வர்றேன். இல்லீங்க, நான் பக்கத்து சீட்டுலங்க. எங்கிட்ட ஓட்டக் கேட்டு வந்தாங்க, நான் என்னையவிட நல்ல டிரைவர அனுப்புறேன்: செத்துக்கிட்டு இருந்தவன உசுரோட கொண்டாந்து சேத்த டிரைவரு, எம் பொஞ்சாதி.